ரெண்டு ஆட்டம் தோற்ற ஒஹாயோ ஸ்டேட் எப்படி சாம்பியன்? மிச்சிகனிடம் தோற்றது கணக்கில் வராதா?

லேன்_அவென்யூ_லோகு:

எல்லாருக்கும் வணக்கம். 2024 ஆகஸ்டில்தான் ஒஹாயோ ஸ்டேட் பல்கலையில் எம்.எஸ். படிக்கக் கொலம்பஸ் வந்தேன். கிரிக்கெட் தவிர எந்த விளையாட்டும் தெரியாது. இங்கே ஃபுட்பால் என்றால் பெரும்பாலும் கையால் ஆடுவது என்பதே வந்த பிறகுதான் மண்டையில் ஏறியது. லேபில் ஒரு பையன் இருக்கிறான், தாத்தா காலத்திலிருந்தே ஒஹாயோ ஸ்டேட் குடும்பம், அவன்தான் சனிக்கிழமை தவறாமல் என்னைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான். நாலு வாய்ப்புக்குள் பத்து யார்டு நகர வேண்டும், நகர்ந்தால் மறுபடி நாலு வாய்ப்பு. கடைசிக் கோட்டுக்குள் பந்தோடு போனால் ஆறு புள்ளி, அதற்கு மேல் ஒரு உதை உதைத்து ஒன்று. அவ்வளவு தூரம் போக முடியாது என்றால் இருக்கும் இடத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று. இதுவரை புரிகிறது.

புரியாதது வேறு. நவம்பர் 30 அன்று மிச்சிகன் ஆட்டத்துக்கு அவனோடு ஸ்டேடியம் போயிருந்தேன். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கேம்பஸில் எங்கெங்கே எம் என்ற எழுத்து இருக்கிறதோ அதன் மேலெல்லாம் சிவப்பு டேப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள், கட்டடப் பெயர்ப் பலகையைக்கூட விடவில்லை. மிச்சிகன் அந்த வருஷம் சுமார்தான், ஆறு வெற்றி ஐந்து தோல்வி, நம்மாட்கள் இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். 13-10 என்று தோற்றோம். ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம், முடிந்ததும் சாவு வீடு போல இருந்தது. அப்புறம் மிச்சிகன்காரர்கள் கொடியைக் கொண்டுவந்து மைதானத்தின் நடுவில் இருக்கும் ஓ எழுத்தில் நடப் பார்க்க, அடிதடி, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. என் நண்பன் இரண்டு நாள் லேபுக்கே வரவில்லை.

இப்போது 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்டர் டேமை 34-23 என்று அடித்து அதே அணி தேசிய சாம்பியன். கொட்டும் குளிரில் ஊரே ஹை ஸ்ட்ரீட்டில் நின்றது. ஆனால் நேற்று கேன்டீனில் ஒருவன் மிச்சிகன் பேச்சை எடுத்ததும் இவன் முகம் சுருங்கிவிட்டது. பட்டமே வாங்கியாச்சே, இன்னும் என்னடா என்றால் "அது வேற, இது வேற" என்கிறான்.

சரி, என் கேள்வி இரண்டு. சொந்த கான்ஃபரன்ஸ் (சில பல்கலைகள் சேர்ந்து ஆடும் லீக்) இறுதிக்கே போகாத, இரண்டு ஆட்டம் தோற்ற அணி எப்படி சாம்பியன் ஆகும்? அப்புறம் அந்த "அது வேற, இது வேற" என்றால் என்ன?


ஆஸ்டின்காரன்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், வயிற்றெரிச்சலோடு. நான் டெக்சாஸ் ஆள்.

இரண்டு தோல்வியோடு பட்டம் வாங்குவது புதுசு இல்லை, 2007ல் எல்எஸ்யூ வாங்கியிருக்கிறது. புதுசு எது என்றால் 2024 சீசனில் வந்த 12 அணி பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் நாக்அவுட். 2014 முதல் 2023 வரை நாலே நாலு அணிகள்தான். ஒரு கமிட்டி உட்கார்ந்து தரவரிசை போடும், முதல் நாலு பேருக்கு இடம், மற்றவர்கள் பவுல் என்று ஏதாவது ஒரு தனி ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். டிசம்பரில் கமிட்டி போட்ட கடைசி வரிசையைப் பாருங்கள்: ஒரிகன், ஜார்ஜியா, டெக்சாஸ், பென் ஸ்டேட், நோட்டர் டேம், அப்புறம்தான் ஆறாவதாக ஒஹாயோ ஸ்டேட். பழைய முறை இருந்திருந்தால் உங்கள் ஆட்களுக்கு நவம்பர் 30 அன்றே கதை முடிந்தது. இறுதியில் ஆடிய இரண்டு அணிகளுமே உள்ளே வந்திருக்காது!

ஆறாவது என்கிறேன், ஆனால் அவர்கள் ஆடியது எட்டாம் நம்பராக. அது இன்னொரு கூத்து. கான்ஃபரன்ஸ் பட்டம் வாங்கியவர்களில் மேலே இருக்கும் நாலு பேருக்குத்தான் முதல் நாலு இடமும் முதல் சுற்று விடுப்பும் என்று 2024ல் விதி. அதனால் கமிட்டி ஒன்பதாவதாக வைத்த பாய்ஸி ஸ்டேட் மூன்றாம் இடத்துக்கு ஏறியது, பன்னிரண்டாவதாக வைத்த அரிசோனா ஸ்டேட் நாலாம் இடத்துக்கு. பாவம் ஒரிகன். ஒரு ஆட்டமும் தோற்காமல் 13-0 என்று முதலிடத்தில் நின்றவர்களுக்குப் பரிசு என்ன? காலிறுதியிலேயே ஒஹாயோ ஸ்டேட். விடுப்பு வாங்கிய நாலு அணியும் காலிறுதியில் வரிசையாகத் தோற்றன, ஒருவர்கூடத் தப்பவில்லை. உட்கார்ந்து துரு ஏறிவிட்டது என்கிறார்கள் சிலர், எனக்கென்னவோ வரிசைப்படுத்தியதே கோணல் என்றுதான் படுகிறது.

கிரிக்கெட்டில் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். 2016 ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் மூன்றாம் இடத்தில் வந்து, எலிமினேட்டரிலிருந்து ஒவ்வொன்றாக ஜெயித்துக் கோப்பை வாங்கியதே, அதே கதை. லீக்கில் யாரிடம் தோற்றாய் என்று கோப்பை கேட்காது.

நான் ஆர்லிங்டனில் டெக்சாஸும் ஒஹாயோ ஸ்டேட்டும் ஆடிய அரையிறுதியைப் பார்க்க நேரில் போயிருந்தேன். அதைப் பற்றிப் பேச இன்னும் தெம்பு வரவில்லை, வேறு யாராவது எழுதுங்கள்.


டப்ளின்வாசி:

லோகு தம்பி, டப்ளின் என்றதும் அயர்லாந்து என்று நினைத்துவிடாதே, உன்னிடமிருந்து இருபது நிமிஷ டிரைவில் இருக்கும் டப்ளின்தான். 22 வருஷமாக இந்த ஊர். வந்த புதிதில் நானும் உன்னை மாதிரிதான் முழித்தேன்.

ஆஸ்டின்காரர் சொன்னது சட்டம். கதையை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

இந்த அணியை 2024 பட்டத்துக்காகவே பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். ஜேக் சாயர், ஜேடி டுயிமோலோவாவ், எமெகா எக்புகா, ட்ரெவேயான் ஹெண்டர்சன், டென்சல் பர்க் எல்லாரும் 2021ல் சேர்ந்த பிள்ளைகள். போன வருஷமே என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீகுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. மிச்சிகனை ஒரு தடவைகூட ஜெயிக்காமல் போவதா என்று தங்கினார்கள். அவர்களோடு வெளியிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள்: கன்சாஸ் ஸ்டேட்டிலிருந்து குவாட்டர்பேக் (பந்தை வாங்கி எறிபவர்) வில் ஹவர்ட், ஓல் மிஸ்ஸிலிருந்து ரன்னிங் பேக் குவின்ஷான் ஜட்கின்ஸ், அலபாமாவிலிருந்து சேஃப்டி கேலப் டவுன்ஸும் சென்டர் செத் மெக்லாஃப்லினும். யுசிஎல்ஏவில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லி அதை விட்டுவிட்டு இங்கே வந்து தலைமைப் பயிற்சியாளர் ரயன் டேயின் கீழே தாக்குதல் பகுதியைப் பார்த்துக்கொண்டார், அந்த மாதிரி ஒரு படி கீழே இறங்கி யாரும் வருவதில்லை. அப்புறம் முதல் வருஷப் பையன் ஜெரமையா ஸ்மித். பதினெட்டு பத்தொன்பது வயசு, ஆனால் அவன் பந்தைப் பிடிப்பதைப் பார்த்தால் எதிர் அணி ஆட்கள் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரித் தெரிவார்கள்.

முதல் ஐந்து ஆட்டம் ஊதித் தள்ளினார்கள். ஏக்ரன் 52-6, வெஸ்டர்ன் மிச்சிகன் 56-0, இப்படி. அக்டோபர் 12 ஒரிகனில் போய் 32-31 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். கடைசியில் நடந்தது தெரியுமா? பத்து நொடி பாக்கி இருக்கும்போது ஒரிகன் களத்தில் 11 பேருக்குப் பதிலாக 12 பேரை இறக்கியது. தப்புதான், ஐந்து யார்டு அபராதம், ஆனால் அந்த ஒரு ஆட்ட முயற்சியில் நாலு நொடி ஓடிப்போனது, ஓடிய நொடி திரும்ப வராது. வேண்டுமென்றே செய்தார்கள். நல்ல மூளை என்று சொல்லித்தான் ஆக வேண்டும், அதற்கப்புறம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஆறு நொடியில் ஹவர்ட் பந்தோடு ஓடி, சறுக்கி உட்கார்ந்தபோது கடிகாரம் பூஜ்யம். எங்கள் வீட்டில் ரிமோட் பறந்தது, அதை விடு.

அந்த ஆட்டத்தில் போனது வெற்றி மட்டும் இல்லை. இடது டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்கால் போய் அந்த சீசன் முழுக்க வெளியே. நவம்பரில் பயிற்சியில் சென்டர் மெக்லாஃப்லினுக்குக் குதிகாலுக்கு மேலே இருக்கும் அகில்லீஸ் தசைநாண் அறுந்தது. குவாட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்க வேண்டிய ஐந்து பேரில் இரண்டு பேர் இல்லை. கார்டாக ஆடிக்கொண்டிருந்த டானவன் ஜாக்சனை டாக்கிளுக்கு நகர்த்தினார்கள். டிவியில் நாம் பந்தைத்தான் பார்ப்போம், இந்த ஐந்து பேரை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் ஆட்டம் அங்கேதான் ஜெயிக்கிறது, தோற்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு மிச்சிகன் ஆட்டத்துக்கு வா.

மிச்சிகனின் பலமே நடுவில்தான். அந்தச் சுவரில் போய் முட்டினார்கள், மறுபடி முட்டினார்கள், மறுபடியும். ஓடிச் சேர்த்தது 80 யார்டுகூட இல்லை. ஓரத்தில் ஸ்மித்தும் எக்புகாவும் நிற்கிறார்கள், பந்தை அங்கே எறியுங்கள் ஐயா என்று ஒஹாயோ முழுக்கக் கத்தியது. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இரண்டு ஃபீல்டு கோல், அதாவது அந்த மூன்று புள்ளி உதை, தவறியது. ஹவர்ட் இரண்டு தடவை பந்தை எதிராளி கையில் கொடுத்தார். கடைசி 45 நொடி இருக்கும்போது 21 யார்டிலிருந்து அவர்கள் உதைத்தார்கள், முடிந்தது. என் கருத்து இதுதான்: மிச்சிகனை ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் அவர்கள் ஆடவில்லை, மிச்சிகன் மாதிரியே ஆடி ஜெயிக்க வேண்டும் என்று ஆடினார்கள். 2021லிருந்து "நீங்கள் மென்மையானவர்கள், முட்டி மோதத் தெரியாதவர்கள்" என்று காது புளிக்கக் கேட்ட ரோஷம்.

அந்த வாரம் ரேடியோவைத் திறந்தால் ரயன் டேயைத் தூக்கு என்பதுதான் பேச்சு. அந்தத் தேதியில் அவர் கணக்கு 66 வெற்றி 10 தோல்வி! வேறு எந்த ஊராக இருந்தாலும் சிலை வைப்பார்கள்.

டிசம்பர் 21 டென்னஸியோடு முதல் சுற்று, நம் ஸ்டேடியத்திலேயே, நடுக்கும் குளிரில். ஆரஞ்சு சட்டைக்காரர்கள் ஏகப்பட்ட பேர் உள்ளே வந்துவிட்டார்கள், நம்மூர் ஆட்கள் மனசு விட்டுப்போய் டிக்கெட்டை விற்றிருந்தார்கள். முதல் கால் பகுதி முடியும்போது 21-0. ஆரம்பத்திலிருந்தே எறிந்தார்கள். ஹவர்ட் 29 எறிந்ததில் 24 போய்ச் சேர்ந்தது. மூன்று வாரம் முன்னால் இதே ஆட்கள்தானா ஆடினார்கள் என்று என் மனைவி கேட்டாள், அவளுக்கு ஃபுட்பாலே பிடிக்காது. 42-17. காலிறுதியான ரோஸ் பவுலில் ஒரிகனை ஒரு கட்டத்தில் 34-0 என்று வைத்திருந்தார்கள், முடிவில் 41-21. ஸ்மித் மட்டும் 187 யார்டு.

டெக்சாஸ் ஆட்டத்தை நானே சொல்லிவிடுகிறேன், ஆஸ்டின்காரர் மன்னிக்கணும். 21-14 என்று நாம் முன்னால், முடிய இன்னும் சில நிமிஷம், டெக்சாஸ் ஒரு யார்டில் நிற்கிறது. ஒரே ஒரு யார்டு, நாலு வாய்ப்பு. இரண்டாவது வாய்ப்பில் பந்தை ஓரமாகத் தூக்கிக் கொடுத்தார்கள், ஏழு யார்டு பின்னால் தள்ளி மடக்கிவிட்டார்கள். நாலாவது வாய்ப்பில் சாயர் சுற்றி வந்து குவின் யூவர்ஸ் கையிலிருந்து பந்தைத் தட்டி, தானே எடுத்து, 83 யார்டு ஓடினான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு தூரம் ஓடுவதைப் பார்க்கப் பயமாக இருந்தது, நடுவில் விழுந்துவிடுவான் என்றே நினைத்தேன். யூவர்ஸ் 2021ல் இங்கேதான் இருந்தான், சாயரின் அறைத்தோழன். இன்னொன்று தெரியுமா தம்பி, நீ பார்த்த அந்த அடிதடியில் மிச்சிகன் கொடியைக் கம்பிலிருந்து பிடுங்கி எறிந்தவனும் இதே சாயர்தான். பக்கத்து பிக்கரிங்டன் பையன்.

இப்போது உன் நண்பனுக்கு வருகிறேன். மிச்சிகனை ஜெயித்தால் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் சின்னதாகப் பேண்ட் வடிவத்தில் ஒரு தங்க டாலர் (சங்கிலியில் மாட்டுகிற டாலர், பணம் இல்லை) தருவார்கள், சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. 1934ல் ஆரம்பித்தது. மிச்சிகனைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களும் நம்மை மாதிரி ஒவ்வொரு காலாகத்தான் பேண்ட்டுக்குள் விடுகிறார்கள் என்று பயிற்சியாளர் ஃபிரான்சிஸ் ஷ்மிட் சொன்னதிலிருந்து வந்த வழக்கம். சாயருக்கும் எக்புகாவுக்கும் இப்போது கையில் சாம்பியன் மோதிரம் வரும். அந்த டாலர் மட்டும் வராது, இனி ஒருநாளும் வராது, கல்லூரிக் கணக்கு முடிந்துவிட்டது. "அது வேற, இது வேற" என்று உன் நண்பன் சொன்னது இதைத்தான்.


கேன்டன்_கயல்:

டப்ளின் சார் ரொம்ப நாகரிகமாக எழுதியிருக்கிறார், அதனால் நானும் கொஞ்சம் நாகரிகமாகவே சீண்டுகிறேன். மிச்சிகன் பல்கலை இருக்கும் ஆன் ஆர்பரில் படித்தவள், இப்போது கேன்டனில் இருக்கிறேன், மிச்சிகன் கேன்டன், உங்கள் ஒஹாயோ கேன்டன் இல்லை.

தம்பி லோகு, உங்கள் பக்கம் வலியைப் பார்த்தாய், எங்கள் பக்கத்தையும் கேள். 2023ல் 15-0, தேசிய சாம்பியன். பட்டம் வாங்கிய அதே மாசமே பயிற்சியாளர் ஜிம் ஹார்பா என்எஃப்எல் போய்விட்டார், குவாட்டர்பேக் போய்விட்டார், முன்வரிசை போய்விட்டது. 2024ல் டெக்சாஸ் எங்கள் வீட்டுக்கே வந்து 31-12 என்று அடித்தது, இல்லினாயிடம் ஏழே புள்ளி எடுத்துத் தோற்றோம், வாஷிங்டன், ஒரிகன், இண்டியானா, கணக்கு வேண்டாம். ஒஹாயோ ஆட்டத்தில் எங்களுடைய சிறந்த தடுப்பாளர் வில் ஜான்சனும் இல்லை, கால்ஸ்டன் லவ்லண்டும் இல்லை. எங்கள் எறிதலைப் பற்றி நான் வாய் திறக்கவே மாட்டேன். நடுவில் மேசன் கிரஹாமும் கென்னத் கிரான்ட்டும் நின்றார்கள், கேலெல் மல்லிங்ஸ் 116 யார்டு ஓடினார், அவ்வளவுதான் எங்களிடம் இருந்தது, அது போதுமாக இருந்தது.

மொத்தம் 8-5ல் முடித்தோம். ஆனால் இந்த சீசனை மோசமான சீசன் என்று எங்கள் ஊரில் யாராவது சொல்கிறார்களா பார். நாலு வருஷம் தொடர்ச்சியாக, 42-27, 45-23, 30-24, 13-10. உங்களுக்குக் கோப்பை, எங்களுக்கு நவம்பர். இரண்டு பேருமே சந்தோஷமாக இருக்கிற மாதிரி ஒரு வருஷம் இதுவரை நான் பார்த்ததில்லை (அல்லது இரண்டு பேருமே குறையோடு இருக்கிற மாதிரி).

கொடி நட்டது தேவையில்லாத வேலை, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பல்கலைக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம்.

இன்னொரு விஷயமும் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு எங்களை ஜெயித்திருந்தால் நீங்கள் அடுத்த வாரமே ஒரிகனோடு கான்ஃபரன்ஸ் இறுதி ஆடியிருக்க வேண்டும், ஏற்கெனவே உடைந்த முன்வரிசையோடு. தோற்றதால் மூன்று வாரம் ஓய்வு, ஆட்ட முறையை மாற்ற அவகாசம், பயிற்சியாளருக்கு ஒரு சூடு. அந்தக் கோப்பையில் எங்கள் பெயரையும் சின்னதாகப் பொறிக்கலாம்.


டப்ளின்வாசி:

கயல், 2023 கோப்பையில் எதிரணி சைகைகளைப் படம் பிடித்தவர் பெயரையும் பொறித்தால் அதைப் பற்றி யோசிக்கிறேன். அந்த வருஷம் உங்கள் ஹார்பாவைக் கான்ஃபரன்ஸே மூன்று ஆட்டம் உட்கார வைத்தது மறந்துவிட்டதா?

ஆனால் ஓய்வு விஷயம் உண்மைதான். வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை.


வேடிக்கை_மட்டும்:

எல்லாரும் ரோஷம், டாலர், நவம்பர் என்று உருகுகிறீர்கள். அந்த அணிக்கு ஆன செலவு சுமார் 2 கோடி டாலர் என்று அவர்கள் தடகளத் துறைத் தலைவர் ராஸ் பியோர்க்கே சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், கூடவே விரும்பிய கல்லூரிக்கு மாறலாம். அப்புறம் இது ஐபிஎல் ஏலம், கல்லூரி விளையாட்டு என்று ஏன் சொல்ல வேண்டும்? பணம் இருக்கும் நாலு பல்கலை மாற்றி மாற்றி ஜெயிக்கப் போகிறது.


ஆஸ்டின்காரன்:

பணம் புதுசாக வரவில்லை. முன்பு பயிற்சியாளருக்கும் டிவிக்கும் ஸ்டேடியத்துக்கும் மட்டும் போனது, இப்போது அடிவாங்குகிற பையனுக்கும் கொஞ்சம் போகிறது. யூவர்ஸுக்கு அந்தக் கடைசி நிமிஷத்தில் விழுந்த அடியைப் பக்கத்தில் பார்த்தவன் நான், அதற்குச் சம்பளம் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பணம் மட்டும் போதும் என்றால் நவம்பர் 30 அன்று 13-10 எப்படி வந்தது?

மற்றபடி, நோட்டர் டேமும் செப்டம்பரில் நார்தர்ன் இல்லினாயிடம் சொந்த மண்ணில் 16-14 என்று தோற்றவர்கள்தான். இறுதிக்கு வந்த இருவருமே வீட்டில் தோற்கக் கூடாதவர்களிடம் தோற்றவர்கள். எனக்கு இந்தப் புது முறையில் பிடித்தது அதுதான், முன்பெல்லாம் செப்டம்பரில் ஒரு நாள் இப்படிச் சறுக்கினால் வருஷமே போய்விடக்கூடும்.


லேன்_அவென்யூ_லோகு:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இதையெல்லாம் மொழிபெயர்த்து நண்பனிடம் சொன்னேன். சாயர் 83 யார்டு பகுதியில் எழுந்து நின்றுவிட்டான். கயல் அக்கா சொன்ன ஓய்வு விஷயத்தைச் சொன்னதும் "அதை யார் எழுதினது, மிச்சிகனா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

இறுதி ஆட்டத்தை அவன் வீட்டில்தான் பார்த்தேன். நோட்டர் டேம் முதல் முறை பந்தை வாங்கி ஏறக்குறைய பத்து நிமிஷம் கையிலேயே வைத்திருந்து 7-0 ஆக்கியபோது அவன் அப்பா "மறுபடியும் அதே கதை" என்று சமையலறைக்குப் போனார். திரும்பி வரும்போது நாம் ஏறிக்கொண்டிருந்தோம், 31-7 வரை போனது. அப்புறம் அவர்கள் 31-23 வரை துரத்தியபோது மறுபடி சமையலறைக்குப் போனார். மூன்றாவது வாய்ப்பு, 11 யார்டு வேண்டும், ஹவர்ட் நேரே ஸ்மித்துக்கு எறிந்தாரே, 56 யார்டு, அதை அவர் பார்க்கவே இல்லை. சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தார். அந்த நேரத்தில் ஓடாமல் எறிந்தார்கள் என்பதன் அர்த்தம் டப்ளின் அண்ணா எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மிச்சிகன் ஆட்டத்தில் செய்யாததை அங்கே செய்தார்கள், இல்லையா?


டப்ளின்வாசி:

அதேதான் தம்பி. நீ தேறிவிட்டாய். அந்த அப்பா மாதிரி ஆட்கள் இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் உண்டு, எங்கள் வீட்டில் நான்.

ஒரு உபரித் தகவல்: நாலு அணி பிளேஆஃப் முதல் முதலாக வந்த 2014லும் ஜெயித்தது ஒஹாயோ ஸ்டேட்தான், அதுவும் வர்ஜீனியா டெக்கிடம் வீட்டில் தோற்று, மூன்றாவது குவாட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸை வைத்து. அடுத்து 16 அணி ஆக்கினால் சொல்லுங்கள், டிக்கெட் போட்டு வைக்கிறேன்.


கேன்டன்_கயல்:

அடுத்த ஆட்டம் 2025 நவம்பர் 29, இந்தத் தடவை எங்கள் வீட்டில், ஆன் ஆர்பரில். லோகு, நண்பனையும் கூட்டிக்கொண்டு வா. சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், எல்லாம் நான் போடுகிறேன். சிவப்புச் சட்டை மட்டும் வேண்டாம்.


லேன்_அவென்யூ_லோகு:

வறுவலுக்கு வருகிறேன் அக்கா. சட்டையைப் பற்றி அவனிடம் கேட்டேன், அவன் உங்கள் வீட்டு முகவரியில் எம் எழுத்து இருக்கிறதா என்று கேட்கிறான்.